தேசம் என்று எதை நினைத்து வாக்களிக்கிறோம்? குமரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு விவாதம்

குழித்துறைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

தேர்தல் முடிவு வரும் ஒவ்வொரு முறையும் நம் மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மதம், சாதி, கூட்டணி என்று மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று இருப்பதாகவும், அதைத் தொடாமல் குமரியின் வாக்கைப் புரிந்துகொள்ள முடியாது என்றும் எண்ணுகிறேன். 'நம்ம நாடு' என்று சொல்லும்போது ஒருவர் மனத்தில் வருவது எது என்பதே அந்தக் கேள்வி.

என் பாட்டியிடமிருந்தே தொடங்குகிறேன். அவருக்கு நாடு என்றால் திருவிதாங்கூர். அரசர், பொன்னு தம்புரான். 1947 ஜூன் 11 அன்று, வெள்ளையர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். அடுத்த மாதம் 25ஆம் தேதி அவர் தாக்கப்பட்டார். அம்மாத முடிவுக்குள் மகாராஜா இந்தியாவுடன் இணைய ஒப்பினார். 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் உருவானது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. வீட்டு வாசலைத் தாண்டாத ஒரு பெண்ணுக்குப் பத்தே ஆண்டுகளில் நாட்டின் பெயர் இத்தனை முறை மாறியது.

1952இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து வாக்கெடுத்தார்கள். பாட்டி தம் சீட்டை, தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சியின் பெட்டியில் போட்டார். அதை அவர் 'தமிழன் பெட்டி' என்றே சாகும்வரை சொன்னார். அந்தத் தேர்தலில்தான் அக்கட்சியின் தலைவர் மார்ஷல் நேசமணி நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குப் போனார். 1954இல் சட்டமன்றத்தில் அக்கட்சி 12 இடங்களைப் பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இணைப்புக்குப் பிறகு வந்த 1957 தேர்தலில் பாட்டி வாக்குச்சாவடியில் தமிழன் பெட்டியைத் தேடியிருக்கிறார். இனிமேல் காளைப் பெட்டிதான் தமிழன் பெட்டி என்று என் தாத்தா முதல் நாளே சொல்லியிருந்தது அவருக்கு மறந்துவிட்டது. நுகம் பூட்டிய இரட்டைக் காளை அன்று காங்கிரசின் சின்னம்.

நான் சொல்ல வருவது இதுதான். தமிழகத்தின் பிற பகுதிகளில் தமிழுணர்வு காங்கிரசுக்கு எதிராகத் திரண்டது. இங்கே அதே உணர்வு காங்கிரசுக்குள் போய்ச் சேர்ந்தது. 1967இல் திமுக அலை மாநிலத்தையே புரட்டிப் போட்டபோதும் நேசமணி நாகர்கோவிலில் வென்றார். அதே ஆண்டு விருதுநகரில் தோற்ற காமராஜரை 1969 இடைத்தேர்தலில் இந்தத் தொகுதிதான் மக்களவைக்கு அனுப்பியது. 1971இல் காமராஜரின் ஸ்தாபன காங்கிரசுக்குத் தமிழகத்தில் கிடைத்த ஒரே மக்களவை இடமும் இதுதான். தமிழராக வாக்களிப்பதா, இந்தியராக வாக்களிப்பதா என்ற இக்கட்டு எங்கள் முன்னோருக்கு வரவே இல்லை. ஒரே பெட்டி இரண்டுக்கும் போதுமாயிருந்தது.

இது சரியான வாசிப்புதானா என்று இங்குள்ளவர்களைக் கேட்கிறேன்.

வடசேரி வாசி

ஐயா, வரலாற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1971இல் நிறுத்திவிட்டீர்கள். நான் 1996 முதல் தாமரைக்கு வாக்களித்து வருபவன். என்னைப் போன்றவர்கள் ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதற்கு இதுவரை வந்த விளக்கங்களில் எதுவும் என் மனத்தோடு பொருந்தவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தேசம் என்பது 1950இல் ஒரு சட்டப் புத்தகம் உண்டாக்கிய ஏற்பாடு மட்டும் என்று நான் எண்ணவில்லை. குமரி அம்மனைத் தொழ வடக்கே எங்கெங்கிருந்தோ மக்கள் நடந்து வந்த காலத்தில் இந்தியா என்ற அரசு கிடையாது. அவர்கள் வந்த வழி இருந்தது. 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவகத்துக்கு நாடெங்கும் சாமானிய மக்கள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று கொடுத்ததை ஏக்நாத் ரானடே திரட்டினார். அந்த ஒரு ரூபாய்க்காரரையும் என்னையும் இணைப்பது எதுவோ, அதையே நான் தேசம் என்கிறேன். அதைச் சொல்லும் கட்சிக்கு என் வாக்கைக் கொடுக்கிறேன். இதில் அண்டை வீட்டார் மீது வெறுப்பு எதுவும் இல்லை. என் எதிர்வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர், நாற்பது ஆண்டுப் பழக்கம்.

உங்கள் கதையில் இன்னொரு பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1957இல் நாகர்கோவிலில் காளைச் சின்னத்தில் வென்றவர் தாணுலிங்க நாடார். திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தில் முன்னின்ற அதே மனிதர்தான் பின்னாளில் இந்து முன்னணியின் தலைவராகவும் விளங்கினார். உங்கள் பாட்டி வாக்களித்த அந்தக் காளைப் பெட்டியிலிருந்துதான் எங்கள் வழியும் கிளம்பியிருக்கிறது.

தோவாளைப் பூச்சந்தை

பெரியவர்கள் இருவரும் மன்னிக்க வேண்டும். நாடு, தேசம் என்பதெல்லாம் மேடைக்கான சொற்கள். 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ், திமுக, அதிமுக மூன்றும் தனித்தனியே நின்றன, பாஜகவின் பொன். இராதாகிருஷ்ணன் வென்றார். 2019இல் காங்கிரசும் திமுகவும் சேர்ந்தன, காங்கிரசின் வசந்தகுமார் வென்றார். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், பாட்டி கதை தேவையில்லை.

அருமனை ஆய்வு மாணவர்

தோவாளை நண்பர் சொன்ன கூட்டல் கழித்தலையே சற்று நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். அது அவர் முடிவுக்குத்தான் போகிறதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

பாஜக கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பெற்றது 2014இல் சுமார் 3.73 லட்சம், 2019இல் 3.67 லட்சம், 2024இல் 3.66 லட்சம். முதல் தேர்தலில் அதிமுக எதிரே நின்றது. இரண்டாவதில் கூட்டணியில் இருந்தது. மூன்றாவதில் மறுபடி எதிரே நின்றது. 2014இல் அதிமுக தனித்துப் பெற்றது சுமார் 1.76 லட்சம். கூட்டணிக் கணக்கு மட்டுமே தேர்தலை நடத்துகிறது என்றால் 2019இல் பாஜகவின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை, ஐயாயிரத்துக்கு மேல் குறைந்தது. காங்கிரசோ 2.44 லட்சத்திலிருந்து 6.27 லட்சத்துக்குப் போனது. கட்சிகள் கைகோத்த இடத்தில் வாக்காளர்கள் கோக்கவில்லை என்பதே இதன் பொருள். இரட்டை இலைக்கு வாக்களித்தவர்களில் பெரும்பகுதியினர் ஏதோ ஒரு கோட்டருகே வந்து நின்றுவிட்டார்கள். அந்தக் கோட்டை வரைந்தது எது என்று கேட்டால், குழித்துறை ஐயா கேட்கும் கேள்விக்கே வந்து சேருகிறோம்.

மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் பொன். இராதாகிருஷ்ணன் மத்திய அமைச்சராக இருந்த காலத்தில் எழுந்தவை. அவற்றின் மீது ஏறி இறங்காத குமரிக்காரர் இருக்க முடியாது. ஆனால் 2019இல் அவருடைய வாக்கு ஏறவும் இல்லை, பெரிதாக இறங்கவும் இல்லை. வளர்ச்சிப் பணி அசைக்காத ஒன்றைத்தான் அரசியல் ஆய்வாளர்கள் அடையாளம் என்கிறார்கள்.

அகில இந்தியச் சான்றும் உண்டு. 2019 நவம்பருக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் ஏறத்தாழ 30,000 பேரை நேரில் சந்தித்தது. உண்மையான இந்தியராக இருக்க இந்துவாக இருப்பது மிக முக்கியம் என்று இந்துக்களில் 64 விழுக்காட்டினர் கூறினர். தென்னிந்திய இந்துக்களில் அவ்வாறு கூறியவர்கள் 42 விழுக்காட்டினரே. இந்துவாக இருப்பது, இந்தி பேசுவது ஆகிய இரண்டையுமே மிக முக்கியம் என்று கருதிய இந்து வாக்காளர்களில் 60 விழுக்காட்டினர் 2019இல் பாஜகவுக்கு வாக்களித்ததாகச் சொன்னார்கள். இரண்டையும் அவ்வளவாகப் பொருட்படுத்தாதவர்களிடம் அது மூன்றில் ஒரு பங்காக இருந்தது. தேசம் பற்றிய எண்ணத்துக்கும் வாக்குக்கும் தொடர்பு இருப்பது இதில் தெளிவு. எது எதை உண்டாக்குகிறது என்பது மட்டும் இதிலிருந்து தெரியாது. கட்சியை முதலில் பிடித்துப்போய், பிறகு கட்சி சொல்லும் தேசத்தை ஒருவர் ஏற்றுக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

எங்கள் துறையில் ஒரு கேள்வியை ஐந்து படிகளாக வைப்பது வழக்கம். குமரிக்கு ஏற்பச் சொன்னால், தமிழர் மட்டும், இந்தியரைவிடத் தமிழர், இரண்டும் சமமாக, தமிழரைவிட இந்தியர், இந்தியர் மட்டும். ஸ்பெயினில் பிறந்து ஸ்காட்லாந்துக்குப் போன கேள்வி இது. ஸ்காட்லாந்தில் 2014 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, பிரிட்டிஷ் அடையாளத்தையும் விடாமல் பிடித்திருந்தவர்கள் பிரிவினைக்கு எதிராகவே பெரும்பாலும் நின்றார்கள். 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். இந்தியாவைப் பற்றி ஆல்ஃபிரெட் ஸ்டெபான், யுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் ஆகியோர் எழுதியபோது, 'இரண்டும் சமமாக' என்று சொல்லும் மனநிலையைக் குறையாகப் பார்க்காமல், பல மொழி பேசும் நாடு ஒன்றாக நிற்பதற்கான வழியாகவே பார்த்தார்கள். குழித்துறை ஐயாவின் பாட்டியை அந்த மூன்றாம் படியில் உட்கார வைக்கலாம்.

ஆனால் அந்த ஐந்து படிகளில் இடமே இல்லாத ஒரு பிளவுதான் நம் மாவட்டத்தை இப்போது ஆள்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர்கள் 46.85 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.2 விழுக்காடு. இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே மூண்ட 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு, தமிழரா இந்தியரா என்ற பேச்சு இங்கே பின்னுக்குப் போய், இந்தியர் என்றால் யார் யார் என்ற பேச்சு முன்னுக்கு வந்தது. 1984இல் பத்மநாபபுரம் இந்து முன்னணி சார்பான சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தது; 1996இல் அதே தொகுதிதான் தமிழகச் சட்டமன்றத்துக்குப் பாஜகவின் முதல் உறுப்பினரான வேலாயுதனை அனுப்பியது. 2024இல் நாம் தமிழர் கட்சி அதிமுகவை முந்தி மூன்றாமிடம் பிடித்தும் அதன் வாக்கு ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டியதோடு நின்றது. தமிழ் என்பதை மட்டும் முன்வைத்துக் கேட்டால் இங்கு கிடைப்பது அவ்வளவே.

தூத்தூர் ஆசிரியை

ஆய்வு மாணவரின் எண்களை இரண்டு முறை வாசித்தேன், தம்பி. அவற்றில் 'கிறித்தவர்' என்று நீங்கள் எழுதிய சொல்லுக்குள் நானும் இருக்கிறேன். என்னை அங்கே வைத்துவிட்டால் என் வாக்கு விளங்கிவிடும் என்று தோன்றும். விளங்காது.

ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 29 இரவு முதல் எங்கள் எட்டு மீனவ ஊர்களிலும் யாரும் உறங்கவில்லை. எங்கள் ஆட்கள் தங்கு கடலுக்குப் போகிறவர்கள். ஒருமுறை கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள். புயலைப் பற்றிய எச்சரிக்கை எட்டும் தொலைவில் அவர்கள் யாரும் இல்லை. அதன் பிறகு கரையில் இருந்த நாங்கள் கேட்டது பணமோ அரிசியோ அன்று. கப்பலை அனுப்புங்கள், விமானத்தை அனுப்புங்கள், இன்னும் தூரம் போய்த் தேடுங்கள் என்றுதான் கேட்டோம். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்த மூதாட்டி, 'எங்க ஆளுவ இந்தியாவுக்க பிள்ளைய இல்லியா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சிலர், கேரளத்தோடு இருந்திருந்தாலாவது கேட்டிருப்பார்கள் என்று பேசியதும் என் காதில் விழுந்தது. 1954இல் தமிழகத்தோடு சேர உயிர் கொடுத்த மார்த்தாண்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அந்த மூதாட்டியின் கேள்வியை நீங்கள் எந்தப் படியில் வைப்பீர்கள்? அவர் தம்மை இந்தியர் என்று நினைக்காமல் இல்லை. நினைத்ததால்தான் அப்படிக் கேட்டார். தேசிய அடையாளம் என்று நீங்கள் எல்லாரும் பேசும்போது, குடிமகன் நாட்டைப் பற்றி என்ன எண்ணுகிறான் என்று ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறீர்கள். நாடு தன்னை எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறதா என்று குடிமகன் பார்ப்பது இன்னொரு பக்கம். 2019 ஏப்ரல் 18 அன்று எங்கள் வாக்குச்சாவடிகளில் நின்ற வரிசை அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதற்கு முன்பே 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனயத்தில் பெருந்துறைமுகத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்திருந்தது. நாட்டின் வளர்ச்சிக்காக என்றார்கள். அந்த நாட்டுக்குள் எங்கள் கரை இருக்கிறதா என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை.

வடசேரி வாசி

அம்மா, ஒக்கி நாட்களை நினைத்தால் எனக்கும் வார்த்தை வருவதில்லை. எங்கள் தெருவில் ஆலமரம் விழுந்து ஒன்பது நாள் மின்சாரம் இல்லை என்பதையெல்லாம் உங்கள் இழப்பின் பக்கத்தில் வைக்கவே கூடாது.

ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் அரசு தவறுவதும் தேசம் கைவிடுவதும் ஒன்றாகுமா? என் பார்வையில் அரசு மாறும், தேசம் மாறாது. ஓர் ஆட்சியின் மீதுள்ள கோபத்தைத் தேசத்தின் மீதான ஐயமாக்குவது சரியன்று. மேலும், தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பது குறிப்பாகவாவது சொல்லப்படுகிறது என்பதை நீங்கள் மறுப்பீர்களா? நான் கோயிலை நினைத்து வாக்களித்தால் மதவாதம். நீங்கள் கோயிலில் கேட்டு வாக்களித்தால் உரிமைக் குரல். இந்த இரட்டை அளவுகோல்தான் என்னைப் போன்றவர்களைப் புண்படுத்துகிறது.

தூத்தூர் ஆசிரியை

மறுக்கவில்லை, அண்ணாச்சி. பங்குத்தந்தை சொல்வதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்; பங்குத்தந்தையையே கேள்வி கேட்பவர்களும் இருக்கிறார்கள். தண்டவாளத்தில் உட்கார வேண்டும் என்று முதலில் சொன்னது எங்கள் ஊர்ப் பெண்கள்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அரசு வேறு, தேசம் வேறு என்கிறீர்கள். கரையில் நிற்பவளுக்கு அந்த இரண்டும் ஒரே கப்பலில்தான் வரும். அரசு வராத இடத்துக்குத் தேசம் மட்டும் எப்படி வந்து சேரும்?

தக்கலை வழக்கறிஞர்

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரட்டை அளவுகோல் என்ற குற்றச்சாட்டுக்கு அது ஓரளவு பதிலாகும்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு, மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. கோயிலானாலும் பூசையானாலும் அளவுகோல் ஒன்றுதான். 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளரின் மதம் மட்டுமன்றி வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று தீர்த்தது. சிறுபான்மைத் தீர்ப்பின் கவலையும் கவனிக்கத்தக்கது: மதத்தாலும் மொழியாலும் சாதியாலும் அநீதிக்கு ஆளானவர்கள் தம் குறையைத் தேர்தலில் பேசவே கூடாது என்றாகிவிடக் கூடாது என்றார்கள். நம் ஆசிரியை அம்மா பேசுவதும் வடசேரி ஐயா பேசுவதும் அந்த நான்குக்கும் மூன்றுக்கும் இடையில்தான் இருக்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்று அதே உட்பிரிவில் இருக்கிறது. தேசியக் கொடி, தேசியச் சின்னம் போன்ற தேசிய அடையாளங்களைக் காட்டி வாக்குச் சேர்ப்பதும் அதன்படி ஊழல் நடவடிக்கையே. தேசத்தின் பெயரால் வாக்குக் கேட்பதைச் சட்டம் முழுவதும் தடுக்கவில்லை. ஆனால் தேசத்தின் சின்னங்கள் எந்த வேட்பாளருக்கும் சொந்தமாகிவிடக் கூடாது என்பதில் அது எச்சரிக்கையாக இருக்கிறது.

இன்னொரு புறம், 1963இல் வந்த பதினாறாம் திருத்தத்துக்குப் பிறகு, வேட்புமனு போடும் ஒவ்வொருவரும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்ட ஆண்டும் அதுவே. ஆக, எந்தத் தேசம் என்ற கேள்வி வாக்குச்சீட்டிலிருந்து அன்றே எடுக்கப்பட்டுவிட்டது. எப்படிப்பட்ட தேசம் என்ற கேள்விதான் எஞ்சியது.

மஸ்கட் குமரியான்

பக்கத்து அறைக்காரர் தூங்குவதால் கைப்பேசியில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறேன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும்வரை நான் விளவங்கோட்டுக்காரன். நாகர்கோவிலில் படித்தபோது என் பேச்சைக் கேட்டு 'மலையாளத்தான்' என்று கேலி செய்தார்கள். கேரளத்துப் பாறசாலையில் வேலை பார்த்தபோது நான் 'பாண்டி'. இங்கே வந்த முதல் நாள் கட்டுமானக் கம்பெனியின் மேற்பார்வையாளர் என்னைச் சுட்டி 'ஹிந்தி' என்றார். இந்தி தெரியாது என்று பதறிப்போய்ச் சொன்னேன். அரபியில் அந்தச் சொல்லுக்கு இந்தியன் என்றே பொருள் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தியே அறியாத நான் ஐந்தாண்டுகளாக 'ஹிந்தி'யாக வாழ்கிறேன். பீகார்க்காரரும் திருச்சூர்க்காரரும் நானும் ஒரே அறையில்.

இங்கே வந்த பிறகுதான் நான் முழுமையாக இந்தியன் ஆனேன் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் அந்த இந்தியனுக்கு வாக்கு இல்லை. வெளிநாட்டில் இருப்பவர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 2010இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வாக்களிக்க நேரில் வர வேண்டும் என்பதை மாற்றவில்லை. ஒரு நாள் வாக்குக்கு இரண்டு மாதச் சம்பளம் விமானத்துக்குப் போகும்.

தோவாளைப் பூச்சந்தை

நான் கூட்டல் கழித்தல் என்று சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். 2019இல் அதிமுக வாக்குகள் நகரவில்லை என்ற கணக்கை நான் முன்பு போட்டுப் பார்க்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021இல் பாஜக 4.38 லட்சம் வாங்கியதே, அப்போது மட்டும் கோடு எங்கே போனது?

அருமனை ஆய்வு மாணவர்

நல்ல கேள்வி. 2021 ஏப்ரல் 6 அன்று மக்களவை இடைத்தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் ஒன்றாக நடந்தன. கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியில் அதிமுகவின் தளவாய் சுந்தரமும் நாகர்கோவிலில் பாஜகவின் எம்.ஆர். காந்தியும் வென்றார்கள், மக்களவைக்கு விஜய் வசந்த் வென்றார். மாநில ஆட்சிக்கான தேர்தல் அதே சாவடியில் நடந்தபோது, இரட்டை இலைக்கு ஒரு பொத்தானை அழுத்தியவர்களில் ஒரு பகுதியினர் மற்றப் பொத்தானையும் கூட்டணிக்கே அழுத்தியிருக்கக்கூடும். மூன்றாண்டுகளில் அது மீண்டும் 3.66 லட்சத்துக்கு இறங்கியது. என் கோடு சுவர் அன்று, வரப்புதான் என்று திருத்திக்கொள்கிறேன்.

2024இல் விளவங்கோட்டில் நடந்ததும் இதோடு சேரும். காங்கிரஸ் உறுப்பினராயிருந்த விஜயதரணி பாஜகவுக்குப் போனார், இடைத்தேர்தல் வந்தது, தொகுதி மறுபடியும் காங்கிரசின் தாரகை கத்பர்ட்டையே தேர்ந்தெடுத்தது.

குழித்துறைக்காரன்

நான் தொடங்கிய இடத்தைவிட இழை வெகுதூரம் வந்துவிட்டது. என் முதல் பதிவில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரே பெட்டி இரண்டுக்கும் போதுமாயிருந்தது என்று எழுதினேன். போதுமாயிருந்தது எங்கள் வீட்டுக்கு. அந்த ஆண்டுகளில் கடற்கரை ஊர்களில் அந்தப் பெட்டியை எப்படிப் பார்த்தார்கள் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. எழுபது வயதில் அது இப்போதுதான் உறைக்கிறது.

வடசேரி ஐயாவுக்கு: தாணுலிங்க நாடாரை நீங்கள் நினைவூட்டியது எனக்குச் சங்கடமாகவே இருந்தது, ஏனென்றால் அது உண்மை. ஆனால் அதே போராட்டத்தில் முன்னின்ற நேசமணி, சி.எஸ்.ஐ. கிறித்தவர். 1954இல் அந்த இருவரையும் ஒரே மேடையில் நிறுத்திய 'நாம்' எதுவோ, அதுதான் பிறகு இரண்டாகப் பிரிந்தது. தேசம் மாறாது என்றீர்கள். நம் மாவட்டத்தில் அது என் கண்முன்னே மாறியிருக்கிறது. தமிழ் பேசுவதைக் கொண்டு வரையப்பட்ட வட்டம், முப்பது ஆண்டுகளுக்குள் எங்கே வழிபடுகிறாய் என்பதைக் கொண்டு வரையப்பட்டது.

நவம்பர் 1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நமக்கு உள்ளூர் விடுமுறை. 2019இல் அதைத் தமிழ்நாடு நாள் என்றது ஓர் அரசு. 2021இல், பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18தான் தமிழ்நாடு நாள் என்றது அடுத்த அரசு. சென்னைக்கு அது தேதிப் பிரச்சினை. புதுக்கடையில் நினைவுநாளுக்குப் போகிற குடும்பத்துக்கு, தாம் தமிழகத்துக்கு வந்து சேர்ந்த நாள் அது. இதை வைத்து இங்கே எந்தக் கட்சியும் தேர்தலில் வாக்குக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. முன்னோர் உயிரைக் கொடுத்துப் பெற்ற அடையாளம், இன்று வாக்காக மாறாமல் விடுமுறையாக மட்டும் நிற்கிறது.

வடசேரி வாசி

நேசமணியைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள், ஐயா. அவர் சிலைக்கு மாலை போடுகிறவர்களில் நானும் ஒருவன். வட்டம் மாறியது என்பதை ஏற்கிறேன். எந்த வட்டம் பெரியது என்பதில் நமக்குள் தீர்வு வராது. இருவரும் தம்முடையதே பெரியது என்போம்.

ஆய்வு மாணவருக்கு ஒரு வேண்டுகோள். வாக்கு எண்ணிக்கை விவரம் அடங்கிய 2021இன் படிவம் 20 சாவடிவாரியாகக் கிடைக்குமே? வடசேரிச் சாவடிகளில் சட்டமன்றத்துக்கு விழுந்ததையும் மக்களவைக்கு விழுந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் ஒரே மனத்தோடு இரண்டு பொத்தான்களையும் அழுத்தினோமா என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

அருமனை ஆய்வு மாணவர்

கிடைக்கும், ஐயா. நாகர்கோவிலோடு கிள்ளியூர்ச் சாவடிகளையும் எடுத்து அட்டவணை போட்டு இங்கேயே தருகிறேன். இரண்டு வாரம் ஆகும்.

தூத்தூர் ஆசிரியை

அட்டவணை போடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள், தம்பி. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்குகிறது; எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1இல்தான். 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவின்போது சின்னமுட்டத்துப் படகுகள் துறையில் கட்டிக் கிடந்தன. எங்கள் படகுகள் கடலில். கடலில் இருப்பவருக்குத் தபால் வாக்கு கிடையாது. எங்கள் சாவடியில் விழாத வாக்குகளை மஸ்கட்டுக்குப் போனவை என்றும், கடலுக்குப் போனவை என்றும் பிரித்துத் தர முடிந்தால் தாருங்கள். பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்க நான் உதவுகிறேன்.